ஆறு துளைகளில் ஐந்து

இலங்கைப் பயணத்துக்குப் புறப்பட்டபோது எனக்கு இருந்த தகுதிகளை முதலில் சொல்லிவிடுவதே முறை. கட்டடப் பொறியியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்திருந்தேன். அவற்றில் பாதிக்கு மேல் துறைத்தலைவனாகவும் இருந்தேன். எங்கள் திருச்சபையின் கட்டடக் குழுவுக்குச் செயலாளர் நான்தான். சூலூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரை சாலையோரம் நிற்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளில் பல, என் கையெழுத்து உள்ள வரைபடத்தின்படி எழுந்தவை. அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை கசிந்ததில்லை.

பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு மாணவியின் பேச்சைக் கேட்காமல் விட்டதற்கும், பிற்பாடு என் பேச்சை எல்லோரும் கேள்வியின்றி நம்பியதற்கும் இந்தத் தகுதிகளே காரணம்.

மாணவியின் பெயர் கோகிலா. அந்தப் பயணத்தில் கட்டிய ஒரு சுவரால் ஓர் உயிர் போயிற்று. பழி கோகிலாவின் பெயரில் இருக்கிறது. வாராவாரம் வரும் இந்தத் தொடரில், இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மண் வியர்த்த காலை

இலங்கையின் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. அங்கிருப்பவர்களிடம் அதற்கு நான் அனுமதி கேட்கவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் நீண்ட லயங்களுக்கு மேலே, சரிவில், ஒரு பள்ளிக்கூடம். ஒரே கூடத்தில் ஐந்து வகுப்புகள். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பு பாட்டை நிறுத்த வேண்டும்.

அந்தப் பள்ளிக்குத் தனியாக ஒரு வகுப்பறை கட்டித் தருவதென்று எங்கள் கல்லூரியின் மிஷன் குழு முடிவு செய்தது. மாணவ மாணவியர் பன்னிரண்டு பேர், சபைப் போதகர், நான். பொங்கல் கழிந்து சில நாட்களில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினோம். போதகர் ஒரு பெட்டி நிறைய அரிசியும் பருப்பும் எடுத்து வந்திருந்தார். அங்கே அரிசி கிடைக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

சரிவில் சமதளம் ஏது? மேட்டை வெட்டி இடத்தைச் சமன்செய்து, வெட்டிய மண்முகம் சரியாதிருக்க ஒரு சுவர் எழுப்பி, அதற்கு முன்னால் வகுப்பறையைக் கட்ட வேண்டும். அப்படி மண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்குத் தாங்குசுவர் என்று பெயர். மூன்றாம் நாள் காலை, மேட்டை வெட்டிக்கொண்டிருந்த ஜோயல் என்ற மாணவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கத்தினான்.

"சார்! ஓடியாங்க சார்! தண்ணிங்க சார்!"

வெட்டிய மண்முகத்தில், இடுப்பளவு உயரத்தில், செம்மண் கறுத்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வியர்வைபோல் துளிர்த்தது; துளிகள் சேர்ந்து விரல் பருமனில் ஒரு கோடாக வழிந்தன. கீழே தேயிலை ஆலையிலிருந்து வந்த வறுத்த மணத்துக்குள் ஈர மண்ணின் வாசனை கலந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். ஒரு மாணவி அந்தச் சேற்று நீரை உள்ளங்கையில் ஏந்தி முகத்தில் பூசிக்கொண்டாள். போதகர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் துதி ஜெபம் ஏறெடுத்தார். நானும் தலையைக் குனிந்து ஆமென் சொன்னேன்.

மலைச்சரிவை வெட்டும்போது, அதுவும் மழையில்லாத மாதத்தில், வெட்டுமுகத்தில் நீர் கசிந்தால் அது எச்சரிக்கை. உள்ளே மண் நனைந்து கனத்திருக்கிறது என்று அர்த்தம். இதை நானே பல ஆண்டுகள் மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அன்று காலை அந்தப் பாடம் என் நினைவுக்கு வரவில்லை. கடைக்கால் எடுக்கும்போதே தண்ணீர் கண்டுவிட்டதே என்ற மகிழ்ச்சிதான் வந்தது.

மேலே பாதையில் குழந்தைகளோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் ராஜேஸ்வரி டீச்சர். அந்த லயத்திலேயே பிறந்து, படித்து, அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். அவருடைய தாயார் அப்போதும் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது அவருடைய வகுப்புக்கான அறை.

"ஏன் சேர் ஜெபம் பண்ணுறீங்க? யாருக்கும் அடிபட்டிருச்சா?" என்று கேட்டார். சார் என்பதை அவர்கள் சேர் என்பார்கள்.

"தண்ணி வந்திருச்சுங்க டீச்சர்!" என்றான் ஜோயல்.

அவர் மண்முகத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "தண்ணிதானே சேர்?"

"எங்கூர்ல இதுக்கு லாரிக்கு போன் பண்ணிக் காத்துக் கெடக்கோணுமுங்க."

"தண்ணி லாரியில வருமா?" அவர் குழந்தைகளின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா புள்ளைங்களா, சேர் ஊர்ல தண்ணி லாரி ஏறி வருதாம்."

குழந்தைகள் சிரித்த சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. நாங்களும் சிரித்தோம்.

கல்மாவு

எங்கள் மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துத் தரையைத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் துறைத்தலைவனாகி ஓரிரு ஆண்டுகள் இருக்கும். சூலூருக்குக் கிழக்கே என் தமையனாரின் தென்னந்தோப்பில் ஆழ்துளைக் கிணறு போட வண்டி வந்தது. முன்பே இரண்டு போட்டு இரண்டும் வற்றியிருந்தன. மூன்றாவதற்கு இடம் குறித்துக் கொடுத்தவன் நான். என் படிப்பின் மீது தமையனாருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு பகலும் அடுத்த நாளின் முற்பகலும் அந்த இரும்புக் கோல் இறங்கிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தது வெள்ளைக் கல்மாவு. தென்னை ஓலை, கொடியில் காய்ந்த துணி, மோர்ச் செம்பு எல்லாவற்றின் மீதும் அது படிந்தது. எண்ணூறு அடியில் வண்டிக்காரர் கேட்டார்: "இன்னும் எறக்கட்டுங்களா?" தமையனார் தலையசைத்தார். தொள்ளாயிரத்தில் மறுபடியும் கேட்டார். ஆயிரத்தில் அவர் கேட்கவில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"போதுமுங்க. இதுக்கு மேல எறக்கினா எனக்குப் பாவமுங்க."

தமையனார் முகம் முழுக்க வெள்ளையாக இருந்தது. கண்களுக்குக் கீழே இரண்டு இடத்தில் மட்டும் மாவு நனைந்து கோடு விழுந்திருந்தது. என்னைப் பார்த்து அவர் ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. "நீ என்னப்பா பண்ணுவே" என்றார். அடுத்த கோடையில் தென்னைகளை வெட்டினார்கள்.

அதிலிருந்து ஒரு குழாய் சொட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குடும்ப ஜெபத்தின் நடுவில் எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து மண்டியிட்டிருக்கிறேன். கல்லூரி விடுதிக்குள் நான் நுழைந்தால் மாணவர்கள் ஓடிப்போய்க் குளியலறைக் குழாய்களை மூடுவார்கள். அவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

வரைபடத்தில் இருந்தவை

தாங்குசுவர் வேலையைக் கோகிலாவின் பொறுப்பில் விட்டிருந்தேன். பன்னிரண்டு பேரில் கலவையின் பதத்தைக் கையால் தொட்டே சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஊர். அப்பா ஆறுச்சாமி, கிணறுகளுக்கு உட்சுவராகக் கல் கட்டும் தொழிலாளி. கோகிலா எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் வகுப்பில் முதல் மாணவி என்பதால் அழைத்துப் போனேன். "சாரு கூடன்னா சரிங்க. எங்க வேணுமுன்னாலும் கூட்டிட்டுப் போங்க" என்று ஆறுச்சாமி சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் வரைந்த வரைபடத்தில் அந்தச் சுவருக்கு ஆறு வடிகால் துளைகள் இருந்தன. சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் நீர், துளைகளில் செருகிய குழாய்த் துண்டுகள் வழியாக முன்பக்கம் வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் நீர் பின்னால் தேங்கும். தேங்கிய நீரின் பாரத்துக்குச் சுவர் நிற்காது. கோகிலா ஆறு குழாய்களையும் ரசமட்டம் வைத்துப் பதித்தார். சுவர் எழுந்தது. அதற்குப் பிறகு நான் கட்டிய எந்தச் சுவரும் அவ்வளவு நேர்த்தியாக அமைந்ததில்லை.

ஆறு குழாய்களிலும் நீர் வடிந்தது. இரவும் பகலும் வடிந்தது. ஆறு இழைகளாக இறங்கி, ஓரத்துக் கால்வாயில் சேர்ந்து, தேயிலைச் செடிகளுக்கிடையில் போய் மறைந்தது. வகுப்பறையின் கூரைத் தகடுகளை மாட்டிக்கொண்டிருந்த நாட்கள் முழுவதும் அந்தச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தெளிந்த, குளிர்ந்த, குடிக்கத்தக்க நீர், ஒருவருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் நண்பகல் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆறில் ஐந்தை அடைத்துவிட்டால் நீர் முழுவதும் ஒரே குழாய்க்கு வரும். அதில் ஒரு பித்தளைத் திருகுக்குழாயை மாட்டிவிட்டால் குழந்தைகளுக்கு வகுப்பறை வாசலிலேயே குடிநீர். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். ஜோயலைக் கடைத்தெருவுக்கு அனுப்பித் திருகுக்குழாய் வாங்கிவரச் சொன்னேன். கோகிலாவைக் கூப்பிட்டுக் கலவை போடச் சொன்னேன்.

கலவையைப் போட்டுவிட்டு அவர் தயங்கி நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லு அம்மணி."

"அஞ்சையும் அடைச்சுப்போட்டா தண்ணி பொறத்தால தேங்கிக்குமுங்க சார். எங்கப்பா கெணத்துக்குக் கல்லுக் கட்டறப்ப ஊத்துக்கண்ண மட்டும் அடைக்கவே மாட்டாருங்க. அடைச்சா கல்லு வவுறு தள்ளிப்போடுமுங்க."

"அது கெணறு. இது தாங்குசுவர். இதுக்குக் கணக்குப் போட்டவன் நான்."

"கணக்குல ஆறும் தொறந்திருக்கறாப்பலதானுங்களே சார் போட்டிருக்கறீங்க?"

திருகுக்குழாயோடு திரும்பி வந்திருந்த ஜோயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். வகுப்பறைக்குள் மேசைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ராஜேஸ்வரி டீச்சர் வாசலுக்கு வந்து நின்றார்.

கோகிலா சொன்னது சரி. சரி என்பது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது. என் வரைபடத்தை எனக்கே படித்துக் காட்டிய மாணவி அதுவரை ஒருத்தியும் இல்லை.

"உங்கப்பா எந்தக் காலேஜுல படிச்சாரு?" என்று கேட்டேன்.

ஜோயல் இந்த முறை வாய்விட்டுச் சிரித்தான். கோகிலா தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜேஸ்வரி டீச்சர்தான் சூழ்நிலையை இளக்கப் பார்த்தார். "தண்ணிக்கு ஏன் சேர் பூட்டுப் போடுறீங்க? அது போற வழிக்குப் போகட்டும் சேர். இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்லதானே."

"டீச்சர், தண்ணீரோட அருமை, தண்ணீர் இல்லாத ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜோயலைச் சாப்பிடப் போகச் சொன்னேன். சுவரருகில் கோகிலாவும் நானும் மட்டும் இருந்தோம்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு ஐந்து துளைகளும் மூடியிருந்தன. அந்த அரை மணி நேரத்தை இந்த இடத்தில் எழுத என்னால் இயலவில்லை. முடிவில் எழுதுகிறேன்.

மறுநாள் விழா. குழாயை முதலில் திறக்கும் மரியாதையை ராஜேஸ்வரி டீச்சருக்கு அளித்தோம். நீர் பீறிட்டு அவர் சேலையை நனைத்தது. "ஐயோ சேர், நல்ல வேகம்" என்றார். அந்த வேகத்தின் அர்த்தம் அங்கிருந்தவர்களில் இரண்டு பேருக்குத் தெரியும். நான் புகைப்படத்துக்கு நேராக நின்றேன். கோகிலா பின்வரிசையில் நின்றார். அந்தப் படம் எங்கள் கல்லூரி நூலகத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது.

ஆனி மாதத்துத் தொலைபேசி

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை கோவையில் வழக்கம்போல் மேகமாகவும் காற்றாகவும் மட்டும் வந்தது. காலை உணவுக்கு உட்காரும்போது தொலைபேசி அழைத்தது. மலையகத்துப் போதகர் பேசினார். அங்கே ஒன்பது நாட்களாக விடாத மழை. தாங்குசுவர் விழுந்து வகுப்பறையின் பின்பாதி இடிந்துவிட்டது.

"குழந்தைகள்?" என்று கேட்டேன்.

"மழையால லீவு விட்டிருந்தோம் ஐயா. புள்ளைங்க யாரும் இல்ல. டீச்சர் மட்டும் உள்ள இருந்திருக்காங்க. புள்ளைங்களோட கொப்பிகள் நனைஞ்சிரும்னு எடுக்கப் போயிருக்காங்க."

கொப்பி என்றால் அவர்கள் ஊரில் பயிற்சி நோட்டு.

பிற்பகலில் படங்கள் வந்தன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் உடையவில்லை. வெடிப்புகூட விடவில்லை. அடியோடு பெயர்ந்து, ஒரே பலகையாக, வகுப்பறையின் மீது சாய்ந்திருந்தது. கலவை அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. கோகிலாவின் கைவேலை அது. குழாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை எதையும் மாற்றியிருக்காது.

மறுவாரம் ராஜேஸ்வரியின் தாயாரிடம் தொலைபேசியில் பேச வைத்தார்கள். இரங்கல் சொல்வதற்காக நான்கு வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"சேர், நல்லாருக்கீங்களா? கூட வந்த புள்ளைங்க எல்லாம் சொகமா?"

"சுகம் அம்மா."

"அங்கயும் மழையா சேர்?"

"இல்லையம்மா. இங்கே மழை இல்லை."

"அப்ப நல்லது சேர்" என்றார்.

எழுதி வைத்திருந்த வாக்கியங்களை நான் படிக்கவில்லை.

பெருந்தன்மை என்று கருதப்பட்டது

கல்லூரி நிர்வாகம் மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. மூவரும் என்னை நன்கறிந்தவர்கள். தலைவர் என் பழைய மாணவர். நான் அறைக்குள் நுழைந்தபோது எழுந்து நின்றார்.

வரைபடத்தைப் பார்த்தார்கள். ஆறு துளைகள் இருந்தன. இடிந்த சுவரின் படத்தைப் பார்த்தார்கள். ஐந்து அடைபட்டிருந்தன.

"சார், நீங்க போட்ட டிசைன்ல தப்பே இல்லைங்க" என்றார் தலைவர். "சைட்டுலதான் தப்பு நடந்திருக்குது. அடைச்சது யாருங்க சார்?"

"சுவர் வேலை கோகிலாவின் பொறுப்பில் இருந்தது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அதில் விடையும் இல்லை. தலைவர் அதை விடையாக எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், திருத்தவில்லை.

"புள்ளைங்களையும் கூப்புட்டு விசாரிக்கட்டுங்களா சார்?"

"படிக்கிற பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம்."

இதை என் பெருந்தன்மை என்று பிற்பாடு பலர் பாராட்டினார்கள். சபையில் ஒரு மூப்பர் என் கையைப் பற்றிக்கொண்டு கண்கலங்கினார். ஜோயல் அப்போது வெளிநாட்டு மேற்படிப்புக்காக என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தான். அவன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு நல்ல கடிதமாகவே கொடுத்தேன். சுவரருகில் நடந்த பேச்சைக் கேட்ட இன்னொருவர் ராஜேஸ்வரி டீச்சர்.

கோகிலாவுக்கு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. அறிக்கை வெளிவந்த பின் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். விசாரித்துப் பேசியிருக்கலாம். என் ஒரு தொலைபேசி அழைப்புக்கு அந்த நாட்களில் நல்ல மதிப்பு இருந்தது.

வாசலில் ஆறுச்சாமி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீடு திரும்பியிருந்தேன். வாசலில் ஒருவர் நின்றார். சலவை வேட்டி, தோளில் துண்டு, கல் தூக்கிக் காய்ப்பேறிய கைகள். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தார்.

"ஏனுங்க, சாரு ஊடுங்களா? நான் கோகிலா அப்பனுங்க."

உள்ளே அழைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அவர் செம்பைத் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சண்டைக்கு வரலீங்க. எம்புள்ள ஊத்துக்கண்ண அடைச்சுப்போட்டான்னு எல்லாரும் பேசிக்கறாங்க. கெணத்து வேல பாக்கறவன் மவ அடைச்சான்னா, எங்க சனத்துல எம்மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறாங்க. அதுகூட கெடக்கட்டுமுங்க. அங்க ஒரு டீச்சர் புள்ள செத்துப்போச்சுங்களே."

"கோகிலா என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறாளுங்க. மூணு மாசமா கேட்டுட்டுத்தான் இருக்கறன். 'சாரு சொல்லுவாருப்பா, சாரே சொல்லுவாரு'ங்கறா. அதானுங்க நேரா உங்ககிட்டயே வந்துட்டேன். அவதான் அடைச்சாளுங்களா சார்? நீங்க ஆமான்னா ஆமாமுங்க. மறுபேச்சுப் பேச மாட்டேன்."

என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கமிட்டி எல்லாவற்றையும் பரிசீலித்துத்தான் எழுதியிருக்கிறது" என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. கல் கட்டுவதற்கு முன் ஒரு கல்லைத் தட்டிப் பார்க்கிறவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

"சரிங்க சார். வாரேனுங்க" என்று எழுந்தார்.

அவர் போன பிறகு என் மனைவி செம்பை எடுத்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போறாருங்களே" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னிடம் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியதில்லை. மறையும்வரை பேசவில்லை.

திருமண மண்டபத்தில்

சில ஆண்டுகள் கடந்துவிட்டன. சென்ற தை மாதம் உடுமலைப்பேட்டையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். கைகழுவும் இடத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, என்னைப் பார்த்து வணங்கினார். உடனே அடையாளம் தெரியவில்லை.

"சார், நான் கோகிலாங்க."

பக்கத்து ஊரில் ஒரு தென்னைநார் ஆலையில் மேற்பார்வை வேலை பார்ப்பதாகச் சொன்னார். கணவரும் அங்கேயே. அதன் பிறகு கட்டட வேலைக்குப் போகவேயில்லையா என்று கேட்டேன். "இல்லீங்க சார்" என்றார். அப்பா நலமா என்று கேட்டேன். "இருக்காருங்க. இப்ப கெணறு யாரு சார் வெட்டறாங்க? ஊட்லதான் இருக்காரு."

குழந்தை அழத் தொடங்கியது. தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி அவர் சொன்னார்:

"உங்க தொடரு வாராவாரம் படிக்கறனுங்க சார். எங்கப்பாவுக்கும் படிச்சுக் காட்டுவேன். தொட்டி கட்டின கதையெல்லாம் நல்லா எழுதியிருக்கறீங்க."

"அப்படியா. மகிழ்ச்சி."

"எலங்கைக்குப் போனது எப்பங்க சார் வருமுங்க?"

குரலில் குத்தல் இல்லை. ஒரு வாசகி ஆவலோடு கேட்பதுபோலவே கேட்டார். ஆனால் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

"வரும்" என்றேன்.

"சரிங்க சார். அப்பாகிட்டச் சொல்லறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த ஆண்டின் குறிப்பேட்டை எடுத்தேன். திறப்பு விழா நாளுக்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்கு முதல்நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை. அன்றே எனக்குத் தெரிந்திருக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுத ஒத்திப்போட்டு, நடுவில் நான்கு வாரங்கள் வேறு செய்திகளை எழுதி ஓட்டினேன். வாசகர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. உடுமலைப்பேட்டையில் இரண்டு பேர் கவனித்திருப்பார்கள்.

விசாரணை அறிக்கையில் உள்ள வாசகம் இது: தாங்குசுவரின் ஐந்து வடிகால் துளைகளை மாணவி கோகிலா அனுபவமின்மையால் அடைத்துவிட்டதே விபத்துக்குக் காரணம். கல்லூரியிலும் சபையிலும் இன்றுவரை அப்படியே சொல்லப்படுகிறது.

அது தவறு. கோகிலா அடைக்க மாட்டேன் என்று சொல்லி, கொத்துக்கரண்டியை என் காலருகில் வைத்துவிட்டு வகுப்பறைக்குள் போய்விட்டார். ஐந்து துளைகளையும் அடைத்தவன் நான்.